சம்மதமா என்று கேட்ட இடம்

அண்ணன் மகள் பிரான்சில் இருக்கிறாள். தான் எழுதிய நாவலை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் ஒரு தடவை படித்துப் பார்க்கும்படி எனக்கு அனுப்பியிருந்தாள். பிரெஞ்சில் எழுதியது. மூன்று தலைமுறைக் கதை. தாத்தா காரைக்காலிலிருந்து புறப்பட்டுக் கப்பலேறி சைகோன் போகிறார். மகன் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து நாடு நாடாகச் சண்டைக்குப் போகிறார். பேரன், அதாவது என் அண்ணன், பாரிசில் இறங்கி, முதல் குளிரில் பல் கிட்டி நிற்கிறான். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள். நடுவில் ஓரிடத்தில் நானும் வருகிறேன். ஊரில் ஓர் அத்தை இருந்தாளாம். கப்பலைத் தவறவிட்டவளாம். சாயங்கால வேளைகளில் மல்லிகைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றியபடி கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பாளாம். அத்தோடு என்னை விட்டுவிட்டு அவள் மறுபடி பாரிசுக்குப் போய்விட்டாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் வீட்டிலிருந்து கடல் தெரியாது. நான் மல்லிகை வளர்த்ததில்லை, கோழிதான் வளர்த்தேன். எந்தக் கப்பலையும் நான் தவறவிடவும் இல்லை. இப்போது வரும் புலம்பெயர்ந்த குடும்பத்துக் கதைகளை வாசகசாலையில் எடுத்துப் படிக்கிறேன். எல்லாவற்றிலும் போனவர்கள்தான் கதை, இருந்தவர்கள் வெறும் மரம் மட்டை. போனது ஒரு செயல், இருந்தது ஒரு சோகம். இருப்பதற்கும் ஒருத்தி மல்லுக்கு நிற்க வேண்டியிருந்திருக்கும் என்று இவர்களில் ஒருவருக்கும் தோன்றுவதில்லை. அதனால் நானே சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் கதை சொல்வதற்கென்றே ஒரு நாள் உண்டு. ஜூலை பதினாலு. அன்றைக்கு ஊரிலுள்ள பழைய சொல்தாக்கள், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர்கள், கோட்டு மாட்டி, பதக்கங்களைக் குத்திக்கொண்டு ஊர்வலம் போவார்கள். வெயிலில் வேர்த்து ஊற்றும், ஒருவரும் கோட்டைக் கழற்ற மாட்டார்கள். அது முடிந்ததும் அப்பாவின் கூட்டாளிகள் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார்கள். கறிக்குழம்புக்கும் பிராந்திக்கும் நடுவில் கதை ஓடும். தாத்தா சைகோன் துறைமுகத்தில் காவல் வேலை பார்த்தது, அப்பா அங்கேயே பிறந்தது, குடும்பத்தோடு ஊர் திரும்பியது, பிறகு இந்தோசீனாச் சண்டை, அல்ஜீரியாச் சண்டை. பெண்கள் கதையில் எப்போது வருவார்கள் என்று நான் காத்துக்கொண்டிருப்பேன். வருவார்கள். "அப்புறம் அவளையும் அழைச்சுக்கிட்டாரு" என்று ஒரு வரியில் வந்து போவார்கள்.

ஒரு வருஷம், எனக்கு அப்போது சின்ன வயது, அப்பாவைப் பெற்ற ஆத்தாவைப் பற்றிக் குறுக்கே கேட்டேன். "ஆத்தா கப்பல்ல என்னப்பா பண்ணுனாங்க?"

"என்ன பண்ணுவா? வாந்தி எடுத்திருப்பா" என்றார் அப்பா. கூடமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்குப் பிறகு நான் அவர்களைக் கேட்பதை விட்டுவிட்டேன்.

அப்பா வழியில் எனக்கும் பிரெஞ்சுக் குடியுரிமை இருந்தது. ஊரில் அதை நேசனாலிட்டி என்பார்கள். எழுபதுகளில் எங்கள் பக்கத்தில் நேசனாலிட்டி உள்ள பெண்ணுக்கு நகை நட்டு, சீர் செனத்தி எதுவும் கேட்க மாட்டார்கள். அவளைக் கட்டினால் மாப்பிள்ளை பிரான்சுக்குப் போகலாம், பின்னாலேயே அவன் தம்பி தங்கைகளுக்கும் ஒரு வழி பிறக்கலாம். பெண் பார்க்க வருகிறவர்கள் பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்றெல்லாம் கேட்டு நேரத்தை வீணாக்க மாட்டார்கள். பாஸ்போர்ட்டைக் கொண்டுவரச் சொல்வார்கள். காப்பித் தட்டில் டம்ளர்களுக்குப் பக்கத்தில் அதையும் வைத்து நான் நீட்டியிருக்கிறேன். ஒரு மாப்பிள்ளையின் அப்பா அதைப் பக்கம் பக்கமாகப் புரட்டி, போட்டோவைத் தொட்டுப் பார்த்து, பத்திரமாக அம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவர்கள் ஜாதகம் பொருந்தவில்லை என்று சொல்லி அனுப்பியபோது, எந்த ஜாதகம், என்னுடையதா பாஸ்போர்ட்டுடையதா என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா என் வாயைப் பொத்தினாள்.

எனக்கு ஒரு வேலை இருந்தது. கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு வக்கீலிடம். காரைக்காலில் பழைய சொத்துப் பத்திரங்கள் எல்லாம் பிரெஞ்சில் இருக்கும். வழக்கு என்று வந்தால் அவற்றைத் தமிழில் சொல்ல ஆள் வேண்டும். நான் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், பத்திரங்களை மொழிபெயர்த்துத் தட்டச்சு செய்து கொடுப்பேன். நிலப் பாகம், உயில், பிறப்பு, கல்யாணம் எல்லாம் என் கையில் வந்து போகும். காலையில் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்து தாளைச் செருகும்போது எனக்கு ஏற்படும் திருப்தியை எதோடும் மாற்றிக்கொள்ள நான் தயாராக இல்லை. பிரான்சின் மீது எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. என்னைப் படகாக்கி ஒருவர் ஏறிப்போவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

எண்பதாம் வருஷம் வாக்கில், மாங்கனித் திருவிழா சமயத்தில், அப்பாவின் தங்கை பிரான்சிலிருந்து வந்தாள். சைகோனில் இருந்தபோது சைகோன் அத்தை, பிறகு பாரிசு அத்தை. அவள் வந்தால் வீட்டில் ஒரு சடங்கு உண்டு. பெட்டி திறப்பது. சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடத்தில் வந்து உட்கார்ந்த பிறகுதான் பெட்டியைத் திறப்பாள். சென்ட்டு, சோப்பு, சாக்லேட்டு, ஆண்களுக்குச் சவரக் கத்தி. யாருக்கு என்ன என்பதை அவள்தான் முடிவு செய்வாள், யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். கணீரென்ற குரல். அப்பாவே அவளுக்கு முன்னால் கொஞ்சம் அடங்கிப் பேசுவார். அந்த வருஷம் எல்லாருக்கும் கொடுத்து முடித்த பிறகு என்னைப் பார்த்து, "ஒனக்கு மாப்புள கொண்டாந்திருக்கேன்" என்றாள். கூட்டம் கைதட்டாத குறை.

மாப்பிள்ளை கோட்டுச்சேரிப் பக்கம். அத்தையின் வீட்டுக்காரருக்குப் பங்காளி முறையில் மகன். நெல் வயல் உண்டு, ஆற்றில் தண்ணீர் வந்தால் விளையும். பி.எஸ்ஸி. முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்தார். பெண் பார்க்க வந்த அன்று, படித்த பிள்ளைகள் கொஞ்சம் பேசிக்கொள்ளட்டும் என்று அத்தை எங்களைக் கொல்லைப்பக்கம் அனுப்பிவைத்தாள். கிணற்றடியில் நின்றோம். என் கோழிகள் அவருடைய புதுச் செருப்பைக் கொத்தின. நல்ல மனிதர்தான், காலை இழுத்துக்கொண்டாரே தவிர விரட்டவில்லை.

"நீங்க ஒண்ணும் பயப்பட வேணாங்க" என்று அவராகவே ஆரம்பித்தார். "அங்க கொஞ்ச வருஷம் சேந்து இருந்தா போதுமாம். எனக்கு அங்கயே தங்குறதுக்குக் கார்டு கெடச்சிடும். அப்புறம் ஒங்களுக்குப் புடிக்கலைன்னா நீங்க காரைக்காலுக்கே வந்துடலாம். நான் தடுக்க மாட்டேன்."

"நீங்க வருவீங்களா?" என்று கேட்டேன்.

"நானா?" உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "நான் எதுக்குங்க வரப்போறேன்?"

ஏமாற்றுகிற ஆள் பேசும் பேச்சு இல்லை அது. எனக்குச் சலுகை காட்டுவதாக நினைத்துக்கொண்டுதான் சொன்னார். அதுதான் எனக்கு நெஞ்சில் தைத்தது.

அவர்கள் போனதும் நான் வீட்டில் அப்படியே சொன்னேன். எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம் என்றும் சொன்னேன்.

"எல்லா ஆம்பளயும் மனசுல நெனைக்கிறத அவன் வாயால சொல்லிட்டான். அவ்வளவுதாண்டி. நல்ல புள்ள" என்றாள் அத்தை.

"வாக்குக் குடுத்தாச்சு" என்றார் அப்பா. "சொல்தா குடுத்த வாக்கு."

"அங்க போனா எல்லாம் பழகிடும்" என்றாள் அம்மா. அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள், கை நிற்கவில்லை.

பிறகு அழுதும் சொன்னேன், சாப்பிடாமல் இருந்தும் சொன்னேன். நாலு பேர் முன்னால் கத்தியும் சொன்னேன். வீட்டில் ஒரு பெண் சொல்லும் மாட்டேன் என்பது கொல்லையில் கோழி கத்துகிற மாதிரி. காதில் விழும், யாரும் எழுந்து போய்ப் பார்க்க மாட்டார்கள். கல்யாணப் பேச்சு பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. ஆவணியில் முகூர்த்தம் குறித்தார்கள். நான் வக்கீலிடம் சொல்லிக்கொண்டு வேலையிலிருந்து நின்றுகொள்ள வேண்டிய நாளையும் அப்பாவே குறித்துவிட்டார்.

அவர்கள் செய்த தவறு ஒன்றே ஒன்றுதான். எங்களைப் போன்ற குடும்பங்களில் கல்யாணம் இரண்டு தடவை நடக்கும். கோயிலிலோ மண்டபத்திலோ தாலி கட்டுவது ஒன்று. மேரியில் பதிவது இன்னொன்று. மேரி என்றால் நகராட்சி ஆபீஸ், வெள்ளைக்காரன் காலத்துப் பெயர் இன்னும் போகவில்லை. அங்கே பதிந்தால்தான் பிரான்சுக்குச் செல்லுபடியாகும். சாதாரணமாக முதலில் தாலி ஏறிவிடும், பிறகு ஒருநாள் மேரிக்குப் போய் வருவார்கள். கழுத்தில் தாலியோடு போகிறவளிடம் யார் என்ன கேட்டு என்ன ஆகப்போகிறது? எங்கள் விஷயத்தில் மாப்பிள்ளை வீட்டுக்கு அவசரம். பதிவை முன்னாலேயே முடித்தால் விசா வேலையை இப்போதே ஆரம்பிக்கலாம், அத்தை திரும்புவதற்குள் அவளே கூட இருந்து பார்த்துக்கொள்வாள் என்று கணக்குப் போட்டார்கள். எல்லாரும் தலையாட்டினார்கள். மேரி வாசலில் பலகையில் அறிவிப்பு ஒட்டினார்கள். வேலைக்குப் போகும் வழியில் அதில் என் பெயரை நானே பார்த்தேன்.

பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் மூளையில் உறைத்தது. நான் எத்தனை பழைய கல்யாணப் பதிவுகளை மொழிபெயர்த்திருக்கிறேன்! எல்லாவற்றிலும் ஒரே வாசகம் வரும். மணமகனைத் தனியாகவும் மணமகளைத் தனியாகவும் உரத்த குரலில் கேட்டதற்கு, இருவரும் ஒருவர் பின் ஒருவராக ஆம் என்று விடையளித்தார்கள் என்று. அதைத் தட்டித் தட்டி என் விரல்களுக்கே மனப்பாடம். விடை என்று ஒன்று இருந்தால் அதற்கு முன்னால் கேள்வி இருக்க வேண்டும். அவ்வளவு பெரிய ஊரில் என்னைக் கேள்வி கேட்கப் போகிற ஒரே இடம் அதுதான். அந்த இடத்துக்கு என்னை அவர்களே அழைத்துக்கொண்டு போகப் போகிறார்கள். அன்றையிலிருந்து நான் அழுவதை நிறுத்தினேன். ஒழுங்காகச் சாப்பிட்டேன். வழிக்கு வந்துவிட்டாள் என்று அம்மா சாமிக்குக் கற்பூரம் ஏற்றினாள்.

பதிவன்று காலையில் அத்தை எனக்குப் பட்டுப்புடவை கட்டிவிட்டாள். ரிக்‌ஷாவில் போகும்போது சொல்லிக் கொடுத்தாள். "என்னென்னமோ படிப்பாங்க, அதெல்லாம் நீ கேக்க வேணாம். கடைசில ஒன்னப் பாப்பாரு. வுய்னு சொல்லிடு. அவ்வளவுதான்." வுய் என்றால் பிரெஞ்சில் ஆம். சரி அத்தை என்றேன்.

மேரியில் உயரமான கூரை, பெரிய மேஜை, தலைக்கு மேல் மெதுவாகச் சுற்றும் மின்விசிறி. அதிகாரி கண்ணாடி போட்ட மெலிந்த மனிதர். ஒரு பக்கம் மாப்பிள்ளை, அவருடைய அப்பா, பெரியப்பா. இந்தப் பக்கம் நாங்கள். அப்பா அன்றைக்குப் பதக்கங்களைக் குத்தியிருந்தார். அதிகாரி சட்டத்திலிருந்து வாசித்தார். கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் உண்மையாக இருக்க வேண்டும், துணையாக இருக்க வேண்டும், சேர்ந்து வாழ வேண்டும் என்று தமிழிலும் சொன்னார். சேர்ந்து வாழ வேண்டும் என்ற இடத்தில் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரைக் கேட்டார்கள். சம்மதம் என்றார்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். என் பெயரை முழுசாக, அப்பா பெயரோடு சேர்த்து வாசித்தார். இவரை மணந்துகொள்ளச் சம்மதமா என்று கேட்டார்.

"இல்லைங்க" என்றேன். "சம்மதம் இல்லை."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அத்தை என் முழங்கையைக் கிள்ளினாள். நான் பயத்தில் உளறுவதாக நினைத்திருப்பார் போல, மறுபடி நிதானமாகக் கேட்டார். சந்தேகம் வேண்டாமே என்று இந்த முறை பிரெஞ்சிலேயே சொன்னேன். "நோன், முசே." என் குரல் நடுங்கும் என்று எதிர்பார்த்தேன். நடுங்கவில்லை. பத்திரத்தை வக்கீலுக்கு வாசித்துக் காட்டுகிற குரலில்தான் வந்தது.

"சிலான்ஸ்!" என்று அப்பா கத்தினார். பட்டாளத்தில் அமைதி என்று கத்துகிற மாதிரி. அங்கே அப்போது யாருமே பேசிக்கொண்டிருக்கவில்லை.

மாப்பிள்ளையின் பெரியப்பாதான் முதலில் சுதாரித்தார். "பொம்பளப் புள்ள, வெக்கத்துல சொல்லுது. நீங்க எழுதுங்க சார்."

"வெக்கம்னு எழுத எனக்கு எடம் இல்லீங்க" என்றார் அதிகாரி. "ஆமாவா இல்லையா, ரெண்டுதான். பொண்ணு இல்லங்குது. நான் எழுத முடியாது." பெரிய புத்தகத்தை மூடிவிட்டார். அந்தச் சத்தம் எனக்கு நாதஸ்வரம் மாதிரிக் கேட்டது என்று சொன்னால் கூடுதலாகத் தெரியலாம். அப்படித்தான் கேட்டது.

மாப்பிள்ளை அப்போதுதான் என்னை முதல்முறையாக நேராகப் பார்த்தார். கோபம் இல்லை. கிணற்றடியில் எதையோ தவறாகச் சொல்லிவிட்டோமா என்று யோசிக்கிற முகம். பாவமாகத்தான் இருந்தது. அந்தப் பாவத்துக்காகக் கட்டிக்கொள்ள முடியாது. பிறகு அவர் மஸ்கட்டுக்குப் போனார். அங்கே நன்றாகவே இருந்தார், கோட்டுச்சேரியில் மாடி வீடு கட்டினார். யாரையும் படகாக்காமலே போகத் தெரிந்தது அவருக்கு.

அப்பா திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தார். அம்மா அவர் பின்னால் ஓடினாள். நான் வீட்டுக்குப் போகவில்லை. பட்டுப்புடவையோடு நேராகக் கோர்ட்டுப் பக்கம் நடந்து வக்கீல் ஆபீசுக்குப் போனேன்.

"இன்னிக்கி லீவுன்னு சொன்னீங்களேம்மா?" என்றார் அவர்.

"வேலை முடிஞ்சிடுச்சுங்க" என்று சொல்லிவிட்டு மிஷினின் உறையைக் கழற்றினேன். பாதியில் விட்டிருந்த ஒரு பாகப் பத்திரத்தை அன்று முடித்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது யாரும் என்னோடு பேசவில்லை. அப்பா ரொம்ப காலம் பேசவில்லை. அடுத்த ஜூலை பதினாலில் கூட்டாளிகளுக்கு முன்னால் குழம்பு ஊற்றும்படி எனக்கு ஜாடைதான் காட்டினார். ஊர் என்னென்னவோ சொன்னது. எனக்கு வேறு ஆள் இருக்கிறது என்றது, பேய் பிடித்து ஆட்டுகிறது என்றது. பிறகு நான் கல்யாணம் செய்துகொண்டேனா, யாரை, என்பதெல்லாம் இந்தக் கதைக்கு வேண்டியதில்லை. செய்ததையும் செய்யாததையும் என்னைக் கேட்டுத்தான் செய்தேன்.

மேரிக்குப் போய் வந்த அன்று சாயங்காலம் அத்தை உள்ளறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். இங்கே இனி அவளுக்கு வேலை இல்லை, பயணத்தை முன்கூட்டியே வைத்துக்கொண்டுவிட்டாள். மிளகாய்த் தூள், வடகம், எலுமிச்சை ஊறுகாய். என்னைக் கூப்பிட்டாள். கன்னத்தில் அறை விழும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். கதவைச் சாத்தச் சொன்னாள்.

"அந்த ஆளு நெசமாத்தான் கேட்டாரா?"

"எந்த ஆளு அத்தை?"

"மேரில. சம்மதமான்னு கேட்டாரே. இல்லன்னு சொன்னா விட்டுர்றாங்களா?"

"விட்டுத்தானே ஆகணும்? அதுதானே சட்டம்."

அத்தை கட்டிலில் உட்கார்ந்தாள். ஊறுகாய் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் குரல் இறங்கி நான் கேட்டதே இல்லை. "என்னையும் அங்கதான்டி கேட்டாங்க. அதே மேஜ. எனக்கு அப்பப் பதினாறு முடியல. ஒங்க மாமா சைகோனுக்குக் கெளம்பணும்னு அவசரம். ஒங்கப்பன் பின்னால நின்னுக்கிட்டு முதுகுல கைய வச்சான். வுய்னு சொன்னேன். அது கேள்வின்னு எனக்குத் தெரியாதுடி. பேரு கூப்புட்டா உள்ளேன் ஐயான்னு சொல்லுவோமே, அதுமாரின்னு நெனச்சேன்."

பக்கத்தில் உட்கார்ந்தேன். வெளியே அப்பாவின் இருமல் கேட்டது.

"இப்பக் கேளு" என்றாள் திடீரென்று.

"என்ன?"

"அந்த ஆளு ஒன்னக் கேட்டமாரி என்னக் கேளு. முழுப் பேரையும் சொல்லிக் கேளு."

விளையாடுகிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. பாட்டிலை இறுக்கிப் பிடித்திருந்தாள். நான் எழுந்து நின்றேன். அவள் பெயரையும் அவள் அப்பா பெயரையும் சொன்னேன். மாமாவின் பெயரையும் முழுசாகச் சொன்னேன். இவரை மணந்துகொள்ளச் சம்மதமா என்று, அந்த அதிகாரி கேட்ட மாதிரியே நிதானமாகக் கேட்டேன்.

அத்தை சைகோனையும் பாரிசையும் பெற்ற பிள்ளைகளையும் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தாள் என்று நினைக்கிறேன். பிறகு, பெட்டி திறக்கிற நாளில் கூடம் முழுக்கக் கேட்குமே, அந்தக் கணீர்க் குரலில் சொன்னாள்.

"இல்ல."

வெளியே இருமல் நின்றது. சமையல்கட்டில் அம்மா பாத்திரம் துலக்கும் சத்தமும் நின்றது. அத்தை ஊறுகாய் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள்.

"மூடிய அமுக்கிப் புடி" என்றாள். நான் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்தேன், அவள் பூட்டினாள். மறுவாரம் பிரான்சுக்குத்தான் போனாள். அங்கே அவளுக்குப் புருஷன், பிள்ளைகள், வீடு எல்லாம் இருந்தது. பஸ் ஸ்டாண்டில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டாள். என்னிடம் மட்டும் எதுவும் சொல்லாமல் கன்னத்தைப் பிடித்து நசுக்கினாள், வலித்தது.

அண்ணன் மகளே, எழுதுவதென்றால் இதை எழுது. மல்லிகைச் செடியை எடுத்துவிடு.